பேசியவர்கள் பட்டியல்

காலை எட்டரை மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறேன். "பேங்க்" என்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்குகிறான். "பென்ஸ்" வரவில்லை, காய்ச்சலாம். "கேக்" வந்திருக்கிறாள், பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். "கோல்ஃப்" ஜன்னல் வழியாக நாயைப் பார்க்கிறான். "ஐஸ்" எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்புகிறாள். இது கடைத்தெரு அல்ல, பிள்ளைகளே, நாலாம் வகுப்பு. தாய்லாந்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர். பதிவேட்டில் தூங்குவதற்கு நீளமாக ஒன்று, வாயால் கூப்பிடுவதற்குக் குட்டியாக ஒன்று. குட்டிப் பெயரை அப்பா அம்மா தங்களுக்குப் பிடித்த பொருளிலிருந்து எடுத்து வைக்கிறார்கள். முதல் வாரம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாவது வாரம் என் முழுப் பெயர் கலியபெருமாள் என்று கரும்பலகையில் எழுதிப் படித்துக் காட்டினேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் "டீச்சா பெரு". பெரு என்று ஒரு நாடு இருப்பதை உலகப் படத்தில் கேக்தான் எனக்குக் காட்டினாள்.

குரும்பலூரிலிருந்தும் செட்டிகுளத்திலிருந்தும் வேனில் வந்து என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும், என் வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம், அதிலும் ஒரு தாளை மூன்றாவது தடவைதான் தாண்டினேன். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் பதினொரு வருஷம் ஆங்கிலத்தைத் தமிழில் நடத்தினேன். வரதராஜன்பேட்டை ஆரோக்கியம் அண்ணன் இந்த ஊரில் பல வருஷமாக இருக்கிறார். அவர் சொல்லித்தான் போன மே மாதம் இங்கே வந்தேன். பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். சுற்றிலும் கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் துறையூர் ரோட்டில் தவறி இறங்கிவிட்டேனோ என்று பார்த்தேன். என் மூத்தவள் யாழினி ஆறாவது படிக்கிறாள், சின்னவன் கவின் மூன்றாவது. போன் போட்டால் கவின் மூச்சு விடாமல் பேசுவான். யாழினியோ "ம்", "சாப்டேன்", "சரிப்பா" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள். நெட்வொர்க் கோளாறு என்று நினைக்காதீர்கள். கோளாறு நான்தான். அவள் மறுபடி என்னிடம் பேச வேண்டும். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேரே சொல்ல வாய் வரவில்லை, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

முதலில் இந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் வெளிநாட்டு ஆசிரியர்கள் மூன்று பேரின் படம். நடுவில் இருப்பது நான்தான் என்று சட்டையை வைத்துக் கண்டுபிடித்தேன். முகத்தைப் பாலில் போட்டு எடுத்த மாதிரி வெளுத்துவிட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, வெயிலில் ஃபிளெக்ஸ் சீக்கிரம் கறுத்துவிடும், அதனால் முன்கூட்டியே வெளுப்பாக அடித்தோம் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஊரில் காதுகுத்து ஃபிளெக்ஸ் அடிக்கும் தம்பி தாய்மாமன்களை என்ன கலரில் இறக்குகிறான் என்பது எனக்குத் தெரியாதா? நம் பள்ளி வாசலில் அதிக மார்க் வாங்கிய பிள்ளைகள் படம்; இங்கே மார்க்கே வாங்காத ஆசிரியர் படம். அவ்வளவுதான் வித்தியாசம். வாரத்தில் ஒரு நாள் ஆசிரியர்கள் எல்லோரும் சாரணர் உடுப்புப் போட வேண்டும். அரைக்கால் டிராயர், முழங்கால் வரை சாக்ஸ், கழுத்தில் துண்டு. அந்தப் படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். என் மனைவி செல்வி பதிலுக்கு ஒரே வரி எழுதினாள்: "இதுக்குத்தான் பிளேன் ஏறிப் போனீங்களாக்கும்."

இன்னொன்று. இங்கே பெரியவர்களைக் கடந்து போகும்போது பிள்ளைகள் குனிந்துதான் போவார்கள். பெரியவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் குனிவார்கள். சின்னவர் தலை பெரியவர் தலைக்கு மேலே போகக் கூடாது. நான் குட்டையானவன் என்பதால் ஆறாம் வகுப்புப் பையன்கள் என்னைக் கடக்கும்போது படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வகுப்புக்குள் நுழைந்தால் "குட் மார்னிங் டீச்ச்ச்சா" என்று ராகம் போடுவார்கள். நம் ஊர் ராகமேதான், கண்ணை மூடிக்கொண்டால் குரும்பலூர். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே குரலில் நலம், நன்றி, நீங்கள் எப்படி என்பார்கள். அதோடு சரி. தனியாக ஒருத்தியை எழுப்பி உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் சிரிப்பாள். பக்கத்தில் இருப்பவளும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். மணி அடித்துவிடும். தப்பாகப் பேசினால் தனக்கும் வெட்கம், கேட்ட ஆசிரியருக்கும் வெட்கம், ஆகையால் பேசாமல் இருப்பதே மரியாதை என்பது அவர்கள் கணக்கு. எனக்குத் துணையாக இருக்கும் தாய்லாந்து ஆசிரியை க்ரூ மாலி இதைப் பொறுமையாக விளக்கினார். க்ரூ என்றால் ஆசிரியர், மாலி என்றால் மல்லிகை. அவர் இன்னொன்றையும் அதே பொறுமையோடு சொன்னார். செப்டம்பர் கடைசியில் பெற்றோர்கள் வகுப்பைப் பார்க்க வருவார்கள். பிள்ளைகள் வாயிலிருந்து ஆங்கிலம் வர வேண்டும். வரவில்லை என்றால் எனக்கு அடுத்த பருவம் கிடையாது. ஃபிளெக்ஸில் என் இடத்தில் வேறு ஒருவரை வெளுத்துவிடுவார்கள்.

பேச வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பிள்ளைகளே. பதினொரு வருஷமும் நான் கற்றது பேசாமல் வைப்பது எப்படி என்பதுதான். உங்களுக்குத் தெரியாததா? சார் ஆபீஸ் ரூமுக்குப் போவார். லீடர் சாக்பீஸை எடுத்துப் பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துப் பேசியவர்கள் பெயரை எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் "அடங்கவில்லை". அதற்கும் மேலே "மிகவும் அடங்கவில்லை". லீடருக்கு மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழியும், கொடுக்காதவனுக்குக் குறி கூடும். நான் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் "என் பேர அழிச்சிருடா, அழிச்சிருடா" என்று கெஞ்சல் கிளம்பும். நான் வந்து பட்டியலைப் பார்த்து எல்லோரையும் பெஞ்சு மேல் ஏற்றுவேன். தாளாளர் எங்கள் வகுப்பைத் தாண்டும்போது ஊசி விழுந்தால் கேட்கும் என்று மெச்சுவார். ஆங்கிலம் பேச வைக்கிறோம் என்று நோட்டீஸ் அடித்த பள்ளியில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது அந்த ஊசிதான்.

போன வருஷம் யாழினி ஐந்தாவது, என் வகுப்பு. பள்ளியில் என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் வாய் ஓயாது. பாடத்தைக் கேட்டால் அதைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பாள், அது முடிவதற்குள் இன்னொரு கதை. பட்டியலில் தினமும் முதல் பெயர் அவளுடையது. சார் பொண்ணு, அதான் சார் விட்டுடறாரு என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. என் காதுக்கு வந்தது. ஜனவரியில் ஒரு நாள் பலகையில் அவள் பெயர், நாலு பெருக்கல் குறி, "மிகவும் அடங்கவில்லை". மற்றவர்களை ஒரு பாடவேளை நிற்க வைத்தேன். அவளை மட்டும் மத்தியானத்திலிருந்து வேன் வரும்வரை நிறுத்தினேன். என் நேர்மை எல்லோருக்கும் தெரிய வேண்டுமல்லவா? கடைசி மணிக்கு முன்னால் அவள் மெதுவாக, "சார், என் பேர அழிச்சிருங்க சார்" என்றாள். நான் காதில் வாங்காதது போல் நோட்டுத் திருத்தினேன். அதற்கப்புறம் அவள் பெயர் பட்டியலில் வரவே இல்லை. நான் பெருமைப்பட்டேன். ஒரு மாதம் கழித்துச் செல்வி கேட்டாள், "பொண்ணு வூட்லயும் பேச மாட்டேங்குது, பாத்தீங்களா?" பொறுப்பு வந்துவிட்டது என்றேன்.

இனி இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு நாள் பயிற்சித் தாள் நகல் எடுக்க ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. பழக்க தோஷம். வகுப்புத் தலைவி ஐஸைக் கூப்பிட்டேன். பலகையின் ஓரத்தில் கோடு கிழித்தேன். யார் பேசுகிறார்களோ அவர்கள் பெயரை எழுது, மறுபடி பேசினால் ஒரு குறி போடு என்று எனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்திலும் கை ஜாடையிலும் சொன்னேன். அவள் கைகூப்பி வாங்கிக்கொண்டாள், ஏதோ கலெக்டர் உத்தரவு போல. நகல் எந்திரம் தாளை மென்றுவிட்டது. இருபது நிமிஷம் ஆயிற்று. திரும்பி வரும்போது என் வகுப்பிலிருந்து சந்தை இரைச்சல். உள்ளே வந்து பார்த்தால், பிள்ளைகள் ஐஸின் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவராக முன்னால் வந்து, எனக்கு மாம்பழம் பிடிக்கும், எனக்கு நாய் பிடிக்கும், என் அண்ணன் குண்டு என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவள் பெயர் எழுதிக் குறி போட்டுக்கொண்டிருக்கிறாள். தாய்லாந்து மொழியில் பேசியவர்களை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆங்கில வகுப்பில் பேச்சு என்றால் ஆங்கிலம்தானே என்பது அவள் நியாயம். இந்த ஊரில் பலகையில் பெயர் எழுதுவது பிறந்தநாள் பிள்ளைக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைக்கும் மட்டும்தான். தண்டிப்பதற்காக ஒரு குழந்தையின் பெயரை அழகாக எழுதி வைப்பார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

நான் அப்போதும் திருந்தவில்லை. பட்டியலில் அதிகக் குறி கேக்குக்கு. அவளைப் பார்த்து, பெரம்பலூரில் செய்கிற மாதிரியே, நாற்காலி மேல் ஏறு என்று விரலைக் காட்டினேன். கேக் என் முகத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆழமாகக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். அவள் தலை என் தலைக்கு மேலே ஒரு முழம் போய்விட்டது. அங்கிருந்து அவள் என்னைக் குனிந்து பார்த்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு ஆசிரியர் தன் தலைக்கு மேலே ஒரு மாணவியைத் தூக்கி வைத்துவிட்டார். முப்பத்தேழு பேரும் கை தட்டினார்கள். தண்டனை கொடுத்த எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நானும் தட்டினேன்.

மறுநாளிலிருந்து நாற்காலிக்குப் போட்டி. காலையில் வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டு பேசினார்கள். மூக்கு ஒழுகுவதை, தாத்தாவின் மோட்டார் சைக்கிளை, மத்தியானம் சாப்பிட்ட கோழியை எல்லாம் எட்டு வார்த்தை ஆங்கிலத்துக்குள் அடைத்துக் கொட்டினார்கள். கோல்ஃப் என்ற பையன் மூன்று மாதமாக என்னிடம் வாய் திறக்காதவன். அவன் ஒரு நாள் எழுந்து, என் அப்பா ஒரு எருமை என்றான். அப்பா வளர்ப்பது எருமை என்று பிறகு புரிந்தது. குறி போடச் சொன்னேன்.

பெற்றோர் வரும் நாளும் வந்தது. பள்ளி இயக்குநர் அம்மாள் பட்டுத் துணியில் தைத்த உடுப்போடு முன்னால் வந்தார், பின்னால் ஐம்பது பெற்றோர்கள், எல்லார் கையிலும் போன். ஆறு பிள்ளைகள் நாற்காலி மேல் நின்று ஆங்கிலம் பேசினார்கள். இயக்குநர் அம்மாளின் புருவம் ஏறியது. மொட்டை வெயிலில் கூட ஆசிரியருக்குக் குடை பிடிக்கிற ஊரில், பிள்ளைகள் ஆசிரியர் தலைக்கு மேலே நிற்கிறார்கள் என்றால்? அவர் க்ரூ மாலியிடம் ஏதோ கேட்டார். இது என்ன முறை, இந்தியாவில் இப்படித்தானா என்று க்ரூ மாலி எனக்கு மாற்றிச் சொன்னார். ஐம்பது போனும் என் பக்கம் திரும்பின. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்கு யாழினி நினைவு வந்துவிட்டது. நான் உள்ளதைச் சொன்னேன். என் ஊரில் இது தண்டனை. பேசுகிறவர்கள் பெயரை எழுதி, பெஞ்சு மேல் நிற்க வைத்து, வாயை மூட வைப்போம். என் மகளையே அப்படி நிற்க வைத்திருக்கிறேன். அதன் பிறகு அவள் பேசவில்லை. அவ்வளவும் என் இலக்கணம் தவறிய ஆங்கிலத்தில்.

க்ரூ மாலி தலை குனிந்து கேட்டார். பிறகு இயக்குநர் அம்மாளிடம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார், நம் ஊர் "ங்க" போல இவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் போடும் "கா" மட்டும் எனக்குப் புரிந்தது. அறையே கை தட்டியது. ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், அவர் எனக்கு முந்திக் கும்பிடக் கூடாது, அது முறையே இல்லை. எல்லோரும் போன பிறகு க்ரூ மாலியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். இவர் ஊரில் பேசுகிற பிள்ளை ஆசிரியரை விட உயரம் என்று சொல்கிறார், தன் சொந்த மகளையும் அப்படித்தான் உயர்த்தினாராம் என்று சொன்னேன் என்றார். நான் சொன்னது அது இல்லையே என்றேன். தெரியும், ஆனால் நீங்கள் சொன்னதைச் சொன்னால் உங்களுக்கு வெட்கம், கேட்ட அவர்களுக்கும் வெட்கம் என்று புன்னகை செய்தார். அக்டோபரில் ஒப்பந்தம் புதுப்பித்து வந்தது. இப்போது ஃபிளெக்ஸில் நான் நாற்காலிப் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கிறேன். முன்னை விடக் கொஞ்சம் வெளுப்பு.

இதைச் செல்வியிடம் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஊரான் புள்ளைங்கள பேச வைக்கத்தான் அவ்ளோ தூரம் போனீங்களா? இத யாழினிகிட்ட சொல்லுங்க" என்றாள். போனை அவளிடம் கொடு என்றேன். கொடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்டேன் என்றாள். அதற்கு மேல் எனக்கே வார்த்தை வரவில்லை. நாற்காலியில் ஏற்ற எனக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது.

நவம்பரில் பெரம்பலூரில் மழை பிடித்துக்கொண்டது. கலெக்டர் லீவு விட்டுவிட்டார். நான் வகுப்பில் இருக்கும்போது கவின் வீடியோ காலில் வந்து குதித்தான். பிள்ளைகள் இந்தியா, இந்தியா என்று மொய்த்துக்கொண்டார்கள். போனை உயர்த்தி வகுப்பைக் காட்டினேன். கவின் முகத்துக்குப் பின்னால் யாழினி முகம் பாதி வந்தது. அவள் கண் ஒரே இடத்தில் நின்றது. அன்று நாற்காலியில் நின்றவன் கோல்ஃப்.

"அவன் ஏம்ப்பா மேல நிக்கிறான்? என்ன பண்ணான்?"

பத்து மாதத்தில் அவள் என்னிடம் பேசிய பெரிய வாக்கியம் அதுதான். "நல்லா பேசினான்மா" என்றேன். அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற பார்வை. அதற்குள் ஐஸ் என் கையிலிருந்து போனை மரியாதையாகப் பிடுங்கிக்கொண்டாள். உன் பெயர் என்ன, உனக்கு என்ன பிடிக்கும் என்று யாழினியைக் கேட்டாள். தலைவியல்லவா, யாரிடமும் கேட்பாள். என் மகள் முதலில் பெயரைச் சொன்னாள். பிறகு மழை என்றாள். பிறகு மழையில் சின்ன வெங்காயம் என்றாள். வெங்காயத்தை அடுக்கி வைக்கும் பட்டறையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வெங்காயத்தின் வீடு என்று சொன்னாள். அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், தார்ப்பாய் பறந்துவிட்டது, தம்பி அதைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றில் விழுந்தான். கவின் பின்னாலிருந்து அக்கா பொய் சொல்றா என்று கத்தினான். அவள் ஒரு கதை முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கினாள். அந்தப் பழைய யாழினி. பிள்ளைகளுக்குப் பாதி புரிந்திருக்காது, ஆனாலும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஐஸ் ஒரு கையில் போனும் ஒரு கையில் சாக்பீஸுமாகக் குறி போட்டுக்கொண்டே போனாள்.

அவள் பேசியது என்னிடம் இல்லை. முன்பின் தெரியாத முப்பத்தெட்டுப் பிள்ளைகளிடம். அதுவும் நான் பதினொரு வருஷம் கற்றுக்கொடுத்துக் கிழித்ததாகச் சொல்லிக்கொண்ட அந்த மொழியில்.

மணி அடித்ததும் ஐஸ் பலகையைப் போனில் காட்டினாள். இதோ உன் பெயர் என்றாள். யாழினி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். போன் என் கைக்கு வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் தமிழில், குரலைத் தாழ்த்தி, "என் பேர அழிச்சிராதீங்க சார்" என்றாள். சிரித்தாளா என்று கவனிப்பதற்குள் கரண்டு போய் வீட்டு வைஃபை நின்றுவிட்டது.

சாயங்காலம் பலகையைத் துடைக்கிற முறை பேங்குக்கு. அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடு என்று ஜாடை காட்டினேன். எல்லோரும் போன பிறகு அதன் முன்னால் நின்றேன். ஐஸ் அவசரத்தில் யாழினி பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எழுதியிருந்தாள், வட்டமும் வாலுமாக. பதினாறு குறிகள். குறிகளை எண்ணத் தெரிந்தது. பெயரை என்னால் படிக்க முடியவில்லை.